பச்சைப் பிள்ளைக்கு மூக்கில் எண்ணெய் விடலாமா?

3 நவம்பர் 2025, இரவு 8.15 (கேள்வி)

பையன் பிறந்து 23 நாள். அம்மா வீட்டில் இருக்கிறேன், ஒட்டன்சத்திரம் பக்கம். குளிப்பாட்ட ஒரு ஆத்தா வருகிறார். எண்ணெய் தேய்த்து, கை கால் நீவி, நன்றாகத்தான் குளிப்பாட்டுகிறார். ஆனால் முடிக்கும்போது இரண்டு மூக்கிலும் எண்ணெய் விட்டு, வாயை வைத்து ஊதுகிறார். பிள்ளை மூச்சு முட்டி வீறிட்டு அழுகிறான். கேட்டால், "உன்னையும் உங்கண்ணனையும் இப்படித்தான் குளிப்பாட்டுனேன், என்ன குறைஞ்சு போயிட்டீங்க?" என்கிறார். அம்மாவும் அவர் பக்கம்தான். விடலாமா, கூடாதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

3 நவம்பர், இரவு 9.50 (பதில்)

கூடாது. நாளைக் காலையிலிருந்தே நிறுத்திவிடு தங்கச்சி. ஆத்தாவையே நிறுத்திவிட்டாலும் சரிதான்.

என் பெரியவன் பிறந்தது 2009இல், தேனிப் பக்கம் என் அம்மா வீட்டில். எங்கள் தெருவில் பிறந்த பிள்ளைகள் எல்லாரையும் குளிப்பாட்டிய ஓர் ஆத்தா இருந்தார். இதே கதைதான்: குளியல் முடிந்ததும் மூக்கில் இரண்டிரண்டு சொட்டு நல்லெண்ணெய், அப்புறம் ஒரு ஊது. "சளி எல்லாம் வெளிய வந்துரும்" என்பார். 34ஆம் நாள் இருமல் ஆரம்பித்தது. பலத்த இருமல் இல்லை, லேசாகச் செருமுவது மாதிரி. இரண்டு நாளில் பால் குடிப்பது குறைந்தது. காம்பைப் பிடிப்பான், நாலு வாய் உறிஞ்சுவான், விட்டுவிட்டு மூச்சு வாங்குவான், மறுபடி பிடிப்பான். மூன்றாம் நாள் ராத்திரி சட்டையை விலக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது. விரல் வைத்தால் நுனி உள்ளே போகும், அவ்வளவு பள்ளம். அதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "மூக்குல எண்ணெய் விட்டீங்களா?" ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மூச்சுக்குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் போனால் பிள்ளை இருமித் தள்ளிவிடும். எண்ணெய் அப்படி உறுத்தாது. சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு நுரையீரல் வரைக்கும் போய்விடும். அங்கே போன எண்ணெயை உடம்பால் சீக்கிரம் வெளியேற்ற முடியாது. அது தங்கித் தங்கிப் புண்ணாக்கும். கிருமியால் வரும் நிமோனியா என்றால் ஊசி மருந்தில் அடங்கிவிடும். எண்ணெயைக் கரைக்க அந்த ஊசியால் முடியாது. இது போதாதென்று வாயை வைத்து ஊதுகிறோம், எண்ணெயை உள்ளே தள்ளுவதற்கு.

3 நவம்பர், இரவு 10.20

முக்கியமானதை விட்டுவிட்டேன். இதுவரை விட்ட எண்ணெய்க்கு உன் பிள்ளை எப்படி இருக்கிறான் என்று இன்றைக்கே பார். அவன் தூங்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிஷம் எண்ணு. அரை நிமிஷம் எண்ணி இரட்டிப்பாக்காதே, பச்சைப் பிள்ளைக்கு மூச்சு ஒரே சீராக இருக்காது. 50க்கு மேல் போனால், அல்லது நெஞ்சுக்கூடு குழி விழுந்தால், பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால், உதடு நீலம் பாய்ந்தால், காத்திருக்காதே. 108ஐக் கூப்பிடு.

4 நவம்பர், காலை 6.10

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். 50 என்பது இரண்டு மாதம் முடிந்த பிள்ளைக்கான கணக்கு. இரண்டு மாதத்துக்குள் இருக்கும் பிள்ளைக்கு நிமிஷத்துக்கு 60, அதற்கு மேல் போனால்தான் வேகமான மூச்சு. அப்படி 60 வந்தால் மறுபடி ஒரு தடவை எண்ணிப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒரு வயது தாண்டினால் 40. எங்கள் ஊர் நர்சம்மா சொல்லிக்கொடுத்தது 60, 50, 40 என்றுதான். ராத்திரி அவசரத்தில் நடுவில் இருப்பதை மட்டும் எழுதிவிட்டேன். இவன் 52 மூச்சு விடுகிறான் என்று நீ பயந்துபோய் உட்கார்ந்திருந்தால் என்னை மன்னித்துவிடு.

காய்ச்சலுக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு உண்டு. மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி வந்தால் வீட்டில் மருந்து கொடுத்துப் பார்ப்பது என்ற பேச்சே கிடையாது. நேராக டாக்டர். அந்த வயதில் சில சமயம் காய்ச்சலே இருக்காது, உடம்பு ஜில்லென்று போகும். அதுவும் அதே அளவு மோசம்.

4 நவம்பர், மதியம் 1.30

"தலைமுறை தலைமுறையாகச் செய்ததுதானே, எல்லாரும் செத்தா போனார்கள்?" என்று ஒருவர் கீழே கேட்டிருக்கிறார். கோபப்படாமல் பதில் சொல்கிறேன் அண்ணா.

என் அப்பத்தாவுக்குப் பிறந்தது ஒன்பது பிள்ளை. நின்றது ஐந்து. மற்ற நாலு பிள்ளைக்கும் என்ன ஆனது என்று கேட்டால் அவர் சொன்ன பதில்: "மாந்தத்துல போச்சு, ரெண்டு இளைப்புல போச்சு, ஒண்ணு என்னன்னே தெரியல." நமக்குச் சாட்சி சொல்ல வருவது அந்த ஐந்து பேர்தான். நாலு பேருக்கும் வாய் இல்லை. அந்த இளைப்பு எண்ணெயால் வந்தது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. எதனால் என்று பார்க்க அன்றைக்கு எக்ஸ்ரேயும் இல்லை, கேட்க ஆளும் இல்லை.

மூக்கடைப்புக்கு என்ன செய்வது என்று கேட்டதற்கும் பதில்: மருந்துக்கடையில் பிள்ளைகளுக்கான உப்புத்தண்ணீர் சொட்டு மருந்து என்று கேட்டால் கொடுப்பார்கள், 0.65 சதவீதம் என்று போட்டிருக்கும். பால் கொடுக்கும் முன் மூக்குக்கு ஒரு சொட்டு, இரண்டு சொட்டு போதும். பச்சைப் பிள்ளை தும்முவதும், மூக்கில் கரகரவென்று சத்தம் வருவதும் சளி இல்லை. அந்த மூக்குத் துவாரம் எவ்வளவு சின்னது என்று யோசித்துப் பாருங்கள். பால் குடிக்கிறது, தூங்குகிறது என்றால் அந்தச் சத்தத்தை விட்டுவிடலாம்.

5 நவம்பர், இரவு 11.05

முந்தாநாள் "ஆத்தாவையே நிறுத்திவிட்டாலும் சரி" என்று எழுதினேன். அது இரண்டு நாளாக மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. அதைத் திரும்பப் பெறுகிறேன்.

சின்னவள் 2014இல் பிறந்தபோதும் அதே ஆத்தாதான் வந்தார். நான்தான் கூப்பிடச் சொன்னேன். காரணம் உண்டு.

அவர் குளிப்பாட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மணைப்பலகையில் உட்கார்ந்து, சேலையை முழங்கால் வரைக்கும் ஏற்றிச் செருகிக்கொண்டு, இரண்டு காலையும் நீட்டுவார். இரண்டு காலும் சேரும் பள்ளத்தில் பிள்ளை, அளவெடுத்துச் செய்த தொட்டில் மாதிரி. எண்ணெயை நேராகப் பிள்ளை மேல் ஊற்ற மாட்டார். உள்ளங்கையில் விட்டு, இரண்டு கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் தொடுவார். நெஞ்சிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து விரல் நுனிக்கு. கட்டை விரலால் ஒவ்வொரு உள்ளங்கையையும் விரித்து அதில் ஒட்டியிருக்கும் நூலையும் அழுக்கையும் எடுப்பார். கழுத்து மடிப்பு, தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால், ஒன்றையும் விட மாட்டார். குப்புறப் போட்டு முதுகை நீவும்போது சின்னவள் அப்படியே கண் சொக்கிப் போவாள். குளித்துவிட்டுப் பால் குடித்தால் மூன்று மணி நேரம் அசையாமல் தூங்குவாள். அந்த மூன்று மணி நேரம்தான் பச்சை உடம்புக்காரியான எனக்குக் கிடைத்த ஒரே தூக்கம்.

அது சும்மா விட்டுவிடுகிற வித்தை இல்லை. எண்ணெய் தேய்ப்பது தோலுக்கு நல்லது என்று டாக்டர்களே சொல்கிறார்கள். டாக்கா ஆஸ்பத்திரி ஒன்றில் குறைமாதப் பிள்ளைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவியதில் தொற்று வருவது குறைந்தது என்று 2005இல் லான்செட் இதழில் வந்தது. நம் அரசு கொடுக்க ஆரம்பித்த பிள்ளைப்பேறு பரிசுப் பெட்டகத்திலும் சோப்பு, துண்டோடு எண்ணெய்ப் புட்டியும் இருந்தது.

அதனால் என் முடிவு இதுதான்: எண்ணெய் தோலோடு நிற்க வேண்டும். மூக்கு, காது, கண், தொப்புள், வாய் எதற்குள்ளும் போகக் கூடாது. அந்தக் கோடு போட்டுவிட்டால் ஆத்தாவை வைத்துக்கொள்வதில் ஒரு தப்பும் இல்லை.

6 நவம்பர், காலை 7.00

"கோடு போடுவது எப்படி அக்கா, அவர் கேட்க மாட்டேன் என்கிறாரே" என்று கேட்டிருக்கிறாய். நான் சொன்னால் கேட்டாரா என்ன? சின்னவள் பிறந்தபோது கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, ஆத்தாவையும் அந்த நேரத்துக்கு வரச் சொன்னேன். நர்சம்மா ஆத்தாவைக் குறை சொல்லவே இல்லை. "நீங்க எத்தனை பிள்ளைய குளிப்பாட்டியிருப்பீங்க ஆத்தா" என்று ஆரம்பித்தார். "இருநூறு இருக்கும்" என்றார் ஆத்தா. "அப்ப நீங்க சொன்னாத்தான் இந்த ஊரே கேக்கும். இனிமே மூக்குல மட்டும் எண்ணெய் விடாதீங்க, மத்தவங்களுக்கும் சொல்லுங்க." அவ்வளவுதான். அடுத்த வாரம் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில், மூக்கில் எண்ணெய் விடச் சொன்ன மாமியாரை ஆத்தாவே அதட்டினார் என்று கேள்விப்பட்டேன்.

உன் ஊர் நர்சம்மா எண் இல்லையென்றால் 104க்குப் பேசு. ஆலோசனை சொல்வார்கள்.

6 நவம்பர், இரவு 9.15

பெண் பிள்ளை வைத்திருக்கும் ஒருவர் தனியாகக் கேட்டதைப் பொதுவாக எழுதுகிறேன், நிறையப் பேருக்கு உதவும்.

பிறந்த பிள்ளைக்கு, ஆணோ பெண்ணோ, மார்பு லேசாகத் தடித்திருக்கும். சில பிள்ளைக்குப் பால் மாதிரிச் சொட்டும். அம்மா உடம்பிலிருந்து போன ஹார்மோன் வேலை அது. சில வாரத்தில் தானாக வற்றிவிடும். குளிப்பாட்டுகிறவர்கள் இதைப் "பால் கட்டியிருக்கு" என்று சொல்லிப் பிதுக்கி எடுப்பார்கள். தயவுசெய்து பிதுக்க விடாதீர்கள். என் நாத்தனார் பிள்ளைக்கு அப்படிப் பிதுக்கிச் சீழ் கட்டி, கத்தி வைத்துக் கீற வேண்டியதாயிற்று. பிறந்து 19 நாள்தான் ஆகியிருந்தது. பெண் பிள்ளைக்கு முதல் வாரத்தில் துணியில் லேசாக ரத்தக் கறை படுவதும் இதே காரணத்தால்தான். பயப்பட வேண்டாம்.

7 நவம்பர், மாலை 4.40

வசம்பு பற்றிக் கேட்டவர்களுக்கு. பிள்ளை வளர்ப்பான் என்று இதற்கு ஒரு பேர். ராத்திரியில் பேரைச் சொல்லக் கூடாது என்று "பேர் சொல்லாதது" என்றே கேட்டு வாங்குவார் என் அம்மா. விளக்கெண்ணெய் தீபத்தில் சுட்டு, கல்லில் உரசி, அந்தக் கருமையைத் தொப்புளைச் சுற்றித் தடவி, ஒரு துளி நாக்கிலும் வைப்பார்கள்.

அந்த வாசனை எனக்கு என் அம்மாவின் மடி வாசனை. அதனால் இதை எழுதவே மனம் வரவில்லை. ஆனாலும் நாக்கில் வைக்காதீர்கள். வசம்பில் பீட்டா அசரோன் என்று ஒரு பொருள் இருக்கிறது, நம் நாட்டு வசம்பில் அது கூடுதல். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் புற்று வந்ததால் அமெரிக்காவில் 1968இலேயே உணவில் வசம்பு சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள். ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும், தண்ணீர்கூட, தேவையில்லை. டாக்டர் எழுதிக்கொடுக்கும் மருந்து மட்டும் விதிவிலக்கு.

வசம்புத் துண்டைக் கோத்துக் கையில் வளையலாகப் போடுவதையும் நாலாவது மாதத்துக்கு முன் கழற்றிவிடுங்கள். அதற்குப் பிறகு கை வாய்க்குத்தான் போகும். கயிறு நைந்து ஒரு துண்டு கழன்றாலும் தொண்டையில் அடைக்கிற அளவுதான் இருக்கும்.

கண் மை பற்றியும் ஒரு வரி: கடையில் வாங்கும் சில மையில் ஈயம் இருக்கிறது, வீட்டு மை என்றாலும் விரல் அழுக்கு கண்ணுக்குள் போகும். திருஷ்டிக்குத்தானே, கன்னத்திலோ உள்ளங்காலிலோ ஒரு பொட்டு போதும்.

9 நவம்பர், இரவு 12.30

தூக்கம் வரவில்லை. பெரியவனின் ஆஸ்பத்திரி ஃபைலைப் பரணிலிருந்து எடுத்துப் பார்த்தேன். 34ஆம் நாள் என்று எழுதியிருந்தேன், தப்பு. அட்மிஷன் போட்டது 41ஆம் நாள், இருமல் ஆரம்பித்தது 38. ஒன்பது நாள் சரிதான்.

நாள் கணக்கை விட இன்னொன்றுதான் உறுத்துகிறது. ஃபைலின் முதல் தாளில் டாக்டர் கையெழுத்தில், நாங்கள் சொன்னதைக் கேட்டு எழுதியது: மூக்கில் எண்ணெய், தினமும். அதற்கு அடுத்த வரி: சங்கில் விளக்கெண்ணெய், வாரம் ஒரு முறை.

அந்த விளக்கெண்ணெயை ஊற்றியது ஆத்தா இல்லை. நான். குடல் சுத்தமாகும் என்று அத்தை சொல்ல, பிள்ளையை மடியில் மல்லாக்கப் போட்டு, அழும்போது வாய் திறக்குமே, அப்போது சங்கைக் கவிழ்ப்பேன். விழுங்காவிட்டால் மூக்கைப் பிடிப்பேன். அழுகிற பிள்ளை விழுங்காது, இழுத்து மூச்சு வாங்கும். வாயில் இருக்கும் எண்ணெய் எங்கே போயிருக்கும்? பதினாறு வருஷமாக எல்லாரிடமும் "ஆத்தா விட்ட எண்ணெய்" என்றே சொல்லி வந்திருக்கிறேன். இங்கேயும் முதல் நாள் அப்படித்தான் எழுதினேன். எந்த எண்ணெய் நுரையீரலுக்குப் போனது என்று எக்ஸ்ரேயில் பேர் எழுதியிருக்காது. ஆத்தா இப்போது இல்லை, போய் நாலு வருஷம் ஆகிறது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

9 நவம்பர், காலை 8.20

ராத்திரி எழுதியதைப் படித்து ஆறுதல் சொன்ன எல்லாருக்கும் நன்றி. பெரியவன் நன்றாக இருக்கிறான். பிளஸ் ஒன் படிக்கிறான், வாலிபால் ஆடுகிறான்.

சங்கையே தூக்கிப் போட வேண்டுமா என்று ஒரு தம்பி கேட்கிறார். வேண்டாம். பாலாடை என்று சொல்வோமே, குறைமாதப் பிள்ளைக்குப் பீய்ச்சிய தாய்ப்பாலை அதில்தான் ஆஸ்பத்திரியிலேயே கொடுக்கிறார்கள். ஆனால் தலையை உயர்த்திப் பிடித்து, பிள்ளை விழித்திருக்கும்போது, உதட்டோரத்தில் வைத்து, அது விழுங்க விழுங்கக் கொஞ்சம் கொஞ்சமாக. ஒவ்வொரு தடவையும் கொதிக்க வைத்துக் கழுவ வேண்டும். பால் கொடுக்கத்தான் பாலாடை, மருந்தைத் திணிக்க இல்லை.

12 நவம்பர், இரவு 10.00

கேள்வி கேட்ட தங்கச்சி இன்று புதுசாக ஒன்று எழுதியிருக்கிறாள்: சாயங்காலம் ஆறு மணி ஆனால் விடாமல் அழுகிறான், "உரம் விழுந்திருக்கு, சேலையில் போட்டு உருட்ட வேண்டும்" என்கிறார்கள் என்று. உரம் என்று அவர்கள் சொல்வது சுளுக்கை.

உருட்ட விடாதே. இரண்டு பேர் சேலையின் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு பிள்ளையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். பச்சைப் பிள்ளைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை கனம், கழுத்து அதைத் தாங்காது. வேகமாகக் குலுக்கினால் மண்டைக்குள் ரத்தம் கசியும். வெளியே ஒரு காயமும் தெரியாது. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவதும் அப்படித்தான்.

பிறந்து இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் இந்தச் சாயங்கால அழுகை ஆரம்பிக்கும். ஆறு வாரத்தில் உச்சத்துக்குப் போகும். மூன்று, நாலு மாதத்தில் தானாக நின்றுவிடும். ஒரு நாள் உருட்டிய மறுநாள் அழவில்லை என்றால் உரம் எடுபட்டது என்று பேர் வந்துவிடுகிறது. தோளில் போட்டு நட. இருட்டான அறையில் நெஞ்சோடு நெஞ்சு சேர்த்து வைத்துக்கொள். சின்னவளுக்கு மின்விசிறி சத்தம் பிடிக்கும். உன்னால் தாங்க முடியவில்லை என்றால் பிள்ளையைப் பாயில் மல்லாக்கப் போட்டுவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, ஐந்து நிமிஷம் வெளியே நில். அழுவதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது.

ஆனால் ஒரு கை, ஒரு கால் மட்டும் அசையாமல் இருந்தாலோ, தொட்டாலே வீறிட்டாலோ, பச்சை நிறத்தில் வாந்தி வந்தாலோ அது வேறு. உடனே காட்ட வேண்டும்.

15 நவம்பர், மதியம் 2.15

கழுதைப் பால் விற்றுக்கொண்டு தெருவில் வந்தார்களாம், ஒரு சங்கு வாங்கலாமா என்று ஒருவர் கேட்கிறார். வேண்டாம். தெருவில் கறந்த பச்சைப் பால் அது, காய்ச்சாமல் கொடுப்பது. தேனும் ஒரு வயது வரைக்கும் கூடாது, சேனை வைக்கிறோம் என்று நாக்கில் தொட்டு வைப்பதுகூட. தேனில் சில சமயம் இருக்கும் ஒரு கிருமியின் வித்து பிள்ளையின் குடலில் முளைத்து நஞ்சு விடும். பிள்ளை துவண்டு போகும், உறிஞ்சக்கூடத் தெம்பு இருக்காது. பெரியவர்களின் குடல் அதை முளைக்க விடாது.

16 நவம்பர், இரவு 9.30

தொக்கம். இதைப் பற்றி எழுதாமல் விட்டால் இந்தப் பேச்சு முடியாது போலிருக்கிறது, நாலு பேர் கேட்டுவிட்டீர்கள்.

எட்டு மாதம், ஒரு வயதுப் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வரும், வாந்தி வரும். உச்சிக்குழி உள்ளே போயிருக்கும். "தொக்கம் நிக்குது", அதாவது சாப்பிட்டது ஏதோ உள்ளே சிக்கி நிற்கிறது என்று ஓர் ஆளிடம் தூக்கிப் போவார்கள். குழல் வைத்து ஊதியோ, வயிற்றைத் தடவி உறிஞ்சியோ ஒரு பருக்கை, ஒரு முடி என்று எதையாவது எடுத்துக் காட்டுவார். அம்மாவுக்கு மனம் நிம்மதி ஆகிவிடும். அந்த நிம்மதிதான் ஆபத்து. அரை நாள் போய்விடும், அந்த அரை நாளில்தான் பிள்ளைக்கு நீர் வற்றுகிறது.

உச்சிக்குழி உள்வாங்குவது என்றால் உடம்பில் தண்ணீர் இல்லை என்று அர்த்தம். அழுதால் கண்ணீர் வராது, ஆறு மணி நேரமாக மூத்திரம் போயிருக்காது. அந்த நேரத்தில் வேண்டியது ஓஆர்எஸ். 1971இல் வங்கதேசப் போர் சமயத்தில் எல்லையோர அகதி முகாமில் காலரா வந்து, ஏற்றுவதற்கு குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த தண்ணீரைத்தான் குடிக்கக் கொடுத்தார். கொடுத்தவர்கள் நர்சுகள்கூட இல்லை, பெரும்பாலும் நோயாளிகளின் சொந்தக்காரர்கள்தான். நூற்றுக்கு முப்பது என்று இருந்த சாவு நாலுக்கும் கீழே வந்தது.

பொட்டலத்தை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் முழுசாகக் கொட்ட வேண்டும். கொஞ்சம் பொடி, கொஞ்சம் தண்ணீர் என்று கண்ணளவில் கலக்கக் கூடாது, உப்பு கூடினால் அதுவே ஆபத்து. ஒரு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தேக்கரண்டி. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பி. தாய்ப்பாலை நிறுத்தாதே. கடையில் அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புத் தண்ணீர் ஓஆர்எஸ் இல்லை. ஐதராபாத் குழந்தை மருத்துவர் ஒருவர் பல வருஷம் போராடி, 2025 அக்டோபரில்தான் அந்த மாதிரி பானங்களின் மேல் ஓஆர்எஸ் என்று போடக் கூடாது என உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. பழைய சரக்கு கடையில் இருக்கலாம், பொட்டலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று இருக்கிறதா பார்த்து வாங்கு.

17 நவம்பர், காலை 6.45

ராத்திரி விட்டுப்போனது: துத்தநாக மருந்து. வயிற்றுப்போக்கு நின்றாலும் 14 நாள் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்குக் கீழே 10 மில்லிகிராம், மேலே 20. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓஆர்எஸ்ஸோடு சேர்த்தே கொடுப்பார்கள், பணம் கிடையாது. உச்சிக்குழி உள்ளே போகாமல் வெளியே புடைத்துக்கொண்டு, காய்ச்சலும் இருந்தால் அது மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். அதற்கு ஓஆர்எஸ் இல்லை, ஆஸ்பத்திரிதான்.

19 நவம்பர், இரவு 8.50

மழை விடவே இல்லை. துணி காயாமல் எல்லா வீட்டிலும் சாம்பிராணிதான், எங்கள் வீட்டிலும். பக்கத்து வீட்டு மருமகளுக்குப் பிள்ளை பிறந்து பத்து நாள். இன்று போயிருந்தேன். கதவு, சன்னல் எல்லாம் அடைத்து, கூடையைக் கவிழ்த்து அதற்குக் கீழே கங்கும் சாம்பிராணியும். கூடை மேலே பிள்ளைத் துணி, பக்கத்திலேயே பிள்ளை. எனக்கே கண் எரிந்தது. பிள்ளைக்கு எரிந்தால் சொல்லத் தெரியுமா?

நான் சொன்னது: துணியைப் புகையில் காயவைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வேறு அறையில், சன்னலைத் திறந்து வைத்து. புகை அடங்கிய துணியை உதறிவிட்டுப் பிள்ளைக்குப் போடுங்கள். தலை ஈரம் போகத் துண்டால் ஒற்றி எடுத்தாலே போதும், அந்த முடிக்கு எவ்வளவு ஈரம் இருக்கப் போகிறது? அடைத்த அறையில் கரி கங்கு மூச்சையே நிறுத்திவிடும். இதைக் கேட்டதும் அந்த வீட்டுப் பெரியம்மா எழுந்துபோய் சன்னலைத் திறந்தார்.

மழைக்காலத்தில் வெந்நீர் விஷயமும் கவனம். விளாவும்போது முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் கொதிக்கும் தண்ணீர். முழங்கையை விட்டுப் பார்த்துச் சுடவில்லை என்றால்தான் பிள்ளைக்கு. ஆத்தாக்களின் உள்ளங்கை காய்த்துப்போன கை, அதற்குச் சூடு தெரியாது.

24 நவம்பர், இரவு 9.40

தங்கச்சி, நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நர்சம்மா வந்து பேசினார், ஆத்தா மூக்கில் எண்ணெய் விடுவதை நிறுத்திவிட்டார், கோபித்துக்கொண்டு இரண்டு நாள் வராமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் அவரே வந்தார் என்று எழுதியிருக்கிறாய். எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது தெரியுமா? மூச்சு எண்ணிப் பார்த்ததில் 44 என்கிறாய், பால் நன்றாகக் குடிக்கிறான் என்கிறாய். மார்பில் இருந்த தடிப்பும் வற்றிவிட்டது. எல்லாம் நல்லதுதான்.

நாளைக்கு 45ஆம் நாள் ஊசி. இரண்டு தொடையிலும், கையிலும் ஊசி இருக்கும், வாயில் சொட்டு மருந்தும் உண்டு. ராத்திரி லேசாகக் காய்ச்சல் வரும். காய்ச்சலுக்கான பாராசிட்டமால் சொட்டு மருந்து எத்தனை மில்லி என்று எடை பார்த்து நர்சம்மாவிடமே எழுதி வாங்கிக்கொள். பாராசிட்டமால் சொட்டு மருந்து வேறு, சிரப் வேறு. சொட்டில் மருந்து கெட்டி, அதனால் சிரப்பின் அளவில் அதை ஊற்றிவிடக் கூடாது. புட்டியோடு வந்த குழலாலேயே அளந்து கொடு.

ஊசி போட்ட இடம் தடித்துக் கல் மாதிரி இருக்கும். ஆத்தா அதைப் பார்த்தால் எண்ணெய் போட்டு நீவத்தான் போவார், அவர் கை சும்மா இருக்காது. ஈரத் துணி வைத்துக்கொள்ளலாம், தேய்க்கக் கூடாது. இரண்டு நாள் தொடையை விட்டுவிட்டு முதுகையும் கையையும் மட்டும் நீவச் சொல். காலையில் அவர் வந்து மணைப்பலகையைப் போடும் முன்பே சொல்லிவிடு.